ரோபோவுக்கான ஹைபிரிட் கேபிள்: மின்சாரத்தையும் தரவையும் ஒரே உறையில் கொண்டுசெல்லும் கேபிளை வடிவமைப்பதும் தேர்ந்தெடுப்பதும்

ரோபோக் கையில் உள்ள கியர், பேரிங், மோட்டார் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சுமையும் ஆயுளும் கணக்கிடப்பட்டுத்தான் வரைபடத்தில் இடம் கிடைக்கிறது. அவற்றோடு சேர்ந்து அதே அளவுக்கு அசையும் கேபிளுக்கு மட்டும் பெரும்பாலும் அந்தக் கணக்கு போடப்படுவதில்லை. எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் துளைக்குள் நுழையக்கூடிய ஏதோ ஒரு கேபிள் வாங்கப்படுகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. கேபிள் எப்படி அசையப்போகிறது என்பதை முதலில் எழுதிவைத்து, அந்த அசைவைத் தாங்கும் கட்டமைப்புக்குள் மின்சாரத்தையும் தரவையும் எப்படிப் பொருத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஒன்றாக இணைப்பது உண்மையிலேயே தேவையா?

மின்சாரமும் தரவும் சேர்ந்து செல்வதில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகையில் இரண்டும் ஒரே கம்பிகளில் செல்கின்றன. 24 வோல்ட், 3 ஆம்பியர் கொண்ட இரண்டு மின்வழங்கல்களை நான்கு கம்பி ஈதர்நெட் கேபிளிலேயே தரும் ஈதர்கேட் பி, இரண்டே கம்பிகளில் சென்சார்களை இணைக்கும் ஏஎஸ்-இன்டர்ஃபேஸ், 2018-இல் வந்த தரநிலையின்படி அனுப்பும் முனையில் 90 வாட் வரையும் பெறும் முனையில் 71.3 வாட் வரையும் தரும் பவர் ஓவர் ஈதர்நெட் ஆகியவை இந்த வகை. கேமரா, சென்சார், சிறிய கிரிப்பர் (பொருளைப் பிடிக்கும் கருவி) போன்றவற்றுக்கு இவை போதுமானவை என்றால், தனி ஹைபிரிட் கேபிளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வகையில் மின்சாரத்துக்கும் தரவுக்கும் தனித்தனிக் கம்பிகள் இருக்கும், வெளியுறை மட்டும் ஒன்றாக இருக்கும். நிலையையும் வேகத்தையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய சர்வோ மோட்டாருக்கான ஒற்றைக் கேபிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று ஃபேஸ் கம்பிகள், எர்த், பிரேக்குக்கான ஓர் இணை (இரண்டு கம்பிகள்), மோட்டாரின் நிலையை அளக்கும் என்கோடருக்கான ஓர் இணை ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஹைப்பர்ஃபேஸ் டிஎஸ்எல், என்டேட் 3 போன்ற டிஜிட்டல் நெறிமுறைகள் என்கோடரின் தேவையை இரண்டு கம்பிகளாகக் குறைத்ததால்தான் இது நடைமுறைக்கு வந்தது.

ஒன்றாக இணைப்பதால் எடையும் இடமும் கனெக்டர்களின் எண்ணிக்கையும் குறையும். உள்ளீடற்ற மணிக்கட்டு வழியாகக் கேபிளைக் கொண்டுசெல்லும் ரோபோக்களில் இது பெரிய லாபம். ஆனால் ஒரே ஒரு தரவு இணை பழுதானாலும் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டியிருக்கும். கேபிள் அசையாமல் நிலையாகக் கிடக்கும் பகுதியில் இணைப்பதற்குக் காரணமே இல்லை என்பது என் கருத்து. அங்கே தனித்தனிக் கேபிள்கள் மலிவாகவும் மின்காந்தக் குறுக்கீடு குறைவாகவும் இருக்கும். அசையும் பகுதிக்கு மட்டும் ஹைபிரிட் கேபிளைப் பயன்படுத்தி, அதன் இரு முனைகளிலும் கனெக்டர் வைத்துவிட்டால், மாற்றும் வேலையும் எளிதாகிவிடும்.

படி 2: அசைவை எண்களாக எழுதுங்கள்

கேபிளுக்கு நேரும் அசைவு மூன்று வகைப்படும். கேபிளைத் தாங்கி நகரும் சங்கிலி வடிவ உறைக்குள் (கேபிள் சங்கிலி) முன்னும் பின்னும் ஓடும்போது கேபிள் ஒரே தளத்தில் வளைகிறது. மூட்டின் அச்சு வழியாகச் செல்லும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல, தன் நீளத்தைச் சுற்றியே முறுக்கப்படுகிறது. ரோபோவின் வெளிப்புறத்தில் தொங்கும் கேபிளில் இவை இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. மூன்றில் இதுவே கடுமையானது. வளைவுக்காகச் செய்யப்பட்ட கேபிளை முறுக்கம் உள்ள இடத்தில் போடுவது ரோபோ வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. "நெகிழ்வானது", "தொடர் அசைவுக்கு ஏற்றது" என்று உற்பத்தியாளரின் தகவல் தாளில் இருந்தால், அது சங்கிலிக்குள் வளைவதை மட்டுமே குறிக்கக்கூடும். முறுக்கத்துக்கான எண் தனியாகத் தரப்படாத கேபிள் முறுக்கத்துக்கு உரியதல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கத்தை ஒரு மீட்டருக்கு எத்தனை பாகை என்று கணக்கிட வேண்டும். மூட்டு இருபுறமும் 180 பாகை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளைப் பிடித்திருக்கும் இரண்டு கிளாம்புகளுக்கு இடையே 1 மீட்டர் இருந்தால், முறுக்கம் மீட்டருக்கு ±180 பாகை. அதே மூட்டில் கிளாம்புகளுக்கு இடையே அரை மீட்டர் மட்டுமே இருந்தால், அது ±360 பாகையாகிவிடுகிறது. சுழற்சி மாறவில்லை, கேபிளும் மாறவில்லை. ஆனால் கிளாம்பு வைத்த இடம் கேபிளின் சுமையை இரட்டிப்பாக்கிவிட்டது. ஆகவே கிளாம்புகளின் இடத்தை இயந்திர வடிவமைப்பாளர் முடிவு செய்வதற்கு முன்பே கேபிளைத் தேர்ந்தெடுப்பவர் அவருடன் உட்கார்ந்து பேசுவது நல்லது. மூட்டு வரம்பின்றி ஒரே திசையில் சுழல வேண்டுமானால் எந்தக் கேபிளும் உதவாது; அங்கே சுழலும் வளையத் தொடர்பு வழியாக மின்சாரத்தைக் கடத்தும் ஸ்லிப் ரிங் தேவை.

வளைவு ஆரம் கேபிளின் வெளிவிட்டத்தின் மடங்காகக் கூறப்படும். 12 மி.மீ. விட்டமுள்ள கேபிளுக்கு 7.5 மடங்கு என்றால் 90 மி.மீ., 10 மடங்கு என்றால் 120 மி.மீ. ஹைபிரிட் கேபிளின் விட்டம் தனிக் கேபிள்களை விடப் பெரிதாக இருப்பதால், இணைப்பதாலேயே வளைவு ஆரம் கூடிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். அடுத்து சுழற்சிகளின் எண்ணிக்கை; கேபிள் ஒருமுறை அசைந்து பழைய இடத்துக்குத் திரும்புவது இங்கே ஒரு சுழற்சி. நிமிடத்துக்கு 10 சுழற்சிகள், நாள் முழுவதும், ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் ஓராண்டில் 43 லட்சத்து 20 ஆயிரம் சுழற்சிகள். "50 லட்சம் சுழற்சிகள்" என்று தகவல் தாளில் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றும் எண், இந்த ரோபோவில் சுமார் பதினான்கு மாதங்களில் தீர்ந்துவிடும்.

இவற்றோடு வேகம், முடுக்கம், வெப்பநிலை வரம்பு, எண்ணெய், குளிர்விப்புத் திரவம், வெல்டிங் பொறி, தூசி ஆகியவற்றையும் எழுதி, ஒரே தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் எல்லா முடிவுகளும் அந்தத் தாளிலிருந்தே பிறக்கும்.

படி 3: மின்சாரக் கம்பிகளின் தடிமன்

கம்பியின் தடிமனை வெப்பம், மின்னழுத்த இழப்பு ஆகிய இரண்டும் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு மின்னோட்டங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். சூடாவதை நீண்ட நேரச் சராசரியான ஆர்எம்எஸ் (அதே அளவு வெப்பம் தரும் நிலையான மின்னோட்டத்துக்குச் சமமான மதிப்பு) மின்னோட்டம் தீர்மானிக்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு குறையும் என்பதைக் கணநேர உச்ச மின்னோட்டம் தீர்மானிக்கிறது. 24 வோல்ட், 48 வோல்ட் அமைப்புகளில் பெரும்பாலும் மின்னழுத்த இழப்பே முதலில் நெருக்கடி தரும்.

கையின் நுனியில் உள்ள கருவிக்கு 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் தேவை, கேபிளின் நீளம் 15 மீட்டர் என்று கொள்வோம். 1 சதுர மி.மீ. நெகிழ் தாமிரக் கம்பிக்கு ஐஇசி 60228 என்ற சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் உச்ச மின்தடை 20 பாகை செல்சியஸில் கிலோமீட்டருக்கு 19.5 ஓம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் நீளம் 30 மீட்டர், மின்தடை 0.585 ஓம், இழப்பு 2.9 வோல்ட். இது 12 சதவீதம். ஆனால் கம்பி 20 பாகையில் இருக்கப்போவதில்லை. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுவதால், 60 பாகையில் இழப்பு 3.4 வோல்ட்டாகி, கருவிக்கு 20.6 வோல்ட்டே கிடைக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்ற வரம்புடைய பிரேக் அங்கே இருந்தால், அது முழுமையாக விடுபடாமல் உராய்ந்துகொண்டே ஓடும். பழுது பிரேக்கில் இருப்பதாகவே எல்லோரும் நினைப்பார்கள்.

2.5 சதுர மி.மீ. கம்பியில் இதே இழப்பு 60 பாகையிலும் 1.4 வோல்ட் மட்டுமே. ஆனால் கேபிள் தடிக்கும், வளைவு ஆரம் கூடும். வழங்கலை 48 வோல்ட்டாக உயர்த்தினால், அதே 120 வாட்டுக்கு 2.5 ஆம்பியர் போதும். 1 சதுர மி.மீ. கம்பியிலேயே இழப்பு 1.7 வோல்ட், அதாவது சுமார் 3.5 சதவீதம். தாமிரத்தைக் கூட்டுவதற்கு முன் மின்னழுத்தத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்பதே அசையும் கேபிளுக்கு நல்ல வழி.

வெப்பத்தைப் பொறுத்தவரை, ஒரே உறைக்குள் பல கம்பிகள் ஒருசேர மின்னோட்டம் சுமக்கும்போதும், கேபிள்கள் சங்கிலியில் நெருக்கமாக அடுக்கப்படும்போதும், சுற்றுச்சூழல் வெப்பநிலை கூடும்போதும் அட்டவணையில் உள்ள மின்னோட்டத் திறனைக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹைபிரிட் கேபிளில் இந்த வெப்பம் அருகிலுள்ள தரவு இணையையும் பாதித்து, அதன் சமிக்ஞை இழப்பைக் கூட்டும்.

படி 4: தரவுக் கம்பிகள்

முதலில் நெறிமுறையையும் வேகத்தையும் உறுதி செய்யுங்கள். ஈதர்நெட்டுக்கு 100 ஓம், இயந்திரங்களில் பயன்படும் தொடர்பு முறைகளான கேன் பஸ்ஸுக்கும் ஆர்எஸ்-485-க்கும் 120 ஓம், யுஎஸ்பிக்கு 90 ஓம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய மின்மறுப்பு (கேபிளில் செல்லும் சமிக்ஞை சந்திக்கும் எதிர்ப்பு) உண்டு. கேபிளின் முழு நீளத்திலும் அது மாறாமல் இருக்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும், ஒரு கிகாபிட்டுக்கு எட்டு கம்பிகள் வேண்டும். அசையும் கேபிளில் இந்த வேறுபாடு பெரியது. நான்கு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிய நட்சத்திர அமைப்பு உருண்டையாகவும் சமச்சீராகவும் இருப்பதால் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். நான்கு தனி இணைகளுக்கு அந்த வசதி இல்லை. எனவே கிகாபிட் வேகம் உண்மையிலேயே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். உயர் தெளிவுக் கேமராவுக்கு அது தேவைப்படலாம், சர்வோ கட்டுப்பாட்டுக்கு 100 மெகாபிட் தாராளம்.

ஈதர்நெட்டின் 100 மீட்டர் என்ற நீள வரம்பு, நிலையாகப் பதிக்கப்படும் கெட்டிக் கம்பியைப் பெரும்பகுதியாகக் கொண்டே வகுக்கப்பட்டது. நுண்ணிய இழைகளால் ஆன நெகிழ் கம்பியில் சமிக்ஞை இழப்பு கூடுதல் என்பதால், அசையும் கேபிளில் அந்த 100 மீட்டரை எதிர்பார்க்க முடியாது.

மின்காப்புப் பொருளின் தேர்வு இங்கே மிக முக்கியம். பிவிசி மலிவானது, ஆனால் அதிர்வெண் கூடும்போது சமிக்ஞையை அதிகம் விழுங்கும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், எஃப்இபி (ஒரு வகை ஃபுளோரின் பிளாஸ்டிக்) ஆகியவற்றின் இழப்பு மிகக் குறைவு. நுரை பாலித்தீன் மின்னியலில் இன்னும் சிறந்தது என்றாலும், அழுத்தத்தில் நசுங்கக்கூடியது. நசுங்கிய இடத்தில் கம்பிகளின் இடைவெளி குறைந்து, மின்மறுப்பு மாறி, சமிக்ஞையின் ஒரு பகுதி திரும்பிப் பிரதிபலிக்கும்.

படி 5: இரண்டையும் பகையின்றி அருகருகே வைப்பது

மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் சர்வோ டிரைவ் அதற்குத் தருவது வழவழப்பான மின்னலை அல்ல. 400 வோல்ட் டிரைவின் உள்ளே சுமார் 560 வோல்ட் நேர்மின்னழுத்தம், விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டப்பட்டு வெளியே வருகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு மைக்ரோவிநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் ஏறி இறங்குவதால், அதன் சத்தம் (காதில் கேட்காத மின் இரைச்சல்) பல மெகாஹெர்ட்ஸ் வரை பரவி, தரவு பயன்படுத்தும் அதே அதிர்வெண்களில் வந்து விழுகிறது. இதைச் சமாளிக்க நான்கு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று இருப்பதால் மற்றொன்றை விட்டுவிட முடியாது.

தரவு இணை சமச்சீராக முறுக்கப்பட்டு, தனக்கென ஒரு கவசம் (குறுக்கீட்டைத் தடுக்கும் உலோகச் சுற்று) கொண்டிருக்க வேண்டும். பிரேக் இணைக்கும் தனிக் கவசம் தேவை. அது ஃபேஸ் கம்பிகளிடமிருந்து வாங்கும் சத்தத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை கொண்டுசெல்லும். மொத்தக் கேபிளுக்கும் வெளிக்கவசம் வேண்டும். ஃபேஸ் கம்பிகளின் மின்காப்பு குறைந்த மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) கொண்டதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வெட்டிலும் அந்த மின்தேக்குத்திறன் நிரம்பிக் காலியாகும்போது பாயும் மின்னோட்டம்தான் கவசத்திலும் எர்த்திலும் சத்தமாக ஓடுகிறது.

பாதுகாப்பு சார்ந்த ஒரு விதியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயந்திரங்களின் மின்னமைப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலையின்படி, வெவ்வேறு மின்னழுத்தங்கள் ஒரே கேபிளில் சென்றால், ஒவ்வொரு கம்பியின் மின்காப்பும் அந்தக் கேபிளில் உள்ள மிக உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சில வோல்ட்டில் இயங்கும் தரவுக் கம்பியும் ஃபேஸ் கம்பிக்குரிய மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதே இதன் பொருள். சாதாரண ஈதர்நெட் கேபிளையும் மோட்டார் கேபிளையும் ஒரே உறையில் தள்ளி ஹைபிரிட் கேபிள் செய்துகொள்ள முடியாததற்கு இதுவே முதற்காரணம்.

படி 6: கேபிளின் உள்ளமைப்பு

ஆயுளை நிர்ணயிக்கும் பகுதி இதுதான். மாதிரிக் கேபிளை நெடுக அறுத்து, அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் தாமிர இழைகளைப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. கம்பியில் ஐஇசி 60228-இன் 5-ஆம் வகுப்பு இழை விட்டத்தை 0.26 மி.மீ. வரை அனுமதிக்கிறது; 6-ஆம் வகுப்பில் அது 0.16 மி.மீ. இழை நுண்ணியதாக ஆக, வளையும்போது அதன் மேற்பரப்பில் ஏற்படும் இழுவிசை குறையும். எனவே தொடர் அசைவுக்கு 6-ஆம் வகுப்பைக் கேளுங்கள்.

அடுத்து, கம்பிகள் எப்படிச் சேர்க்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். மையத்தைச் சுற்றிப் பல அடுக்குகளாகச் சுற்றப்பட்ட கேபிளில், வளையும்போது உள்ளடுக்கு அழுத்தத்துக்கும் வெளியடுக்கு இழுப்புக்கும் ஆளாகி, நாளடைவில் முழுக் கேபிளும் திருகாணிபோல் சுருண்டுவிடும். கம்பிகளைச் சிறு கட்டுகளாக முறுக்கி, அந்தக் கட்டுகளை இழுவிசை தாங்கும் ஒரு மையத்தைச் சுற்றி மீண்டும் முறுக்கினால், ஒவ்வொரு கம்பியும் வளைவின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் மாறி மாறி வந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். தரவு இணையை மையத்துக்கு அருகே வைப்பது முறுக்கத்தில் நல்லது, ஏனென்றால் அங்கே இடப்பெயர்ச்சி மிகக் குறைவு. தடித்த மின்சாரக் கம்பிகள் ஒருபக்கமாகக் குவிந்து, மெல்லிய தரவு இணை மறுபக்கத்தில் தனியாக இருந்தால், வெற்றிடங்களில் நிரப்பு இழைகளை வைத்து உருண்டையாக்கியிருக்க வேண்டும்.

கவசம் இயக்கத்துக்கு ஏற்ப மாறும். வளைவுக்குப் பின்னல் கவசம் ஏற்றது. முறுக்கத்தில் அதே பின்னலின் இழைகள் ஒன்றையொன்று அரமாக அறுத்து, உடைந்த முனைகள் கீழுள்ள மின்காப்பைக் குத்தத் தொடங்கும். முறுக்கத்துக்கு ஒரே திசையில் சுற்றப்பட்ட இழைக்கவசமும், அதற்கு மேலும் கீழும் வழுக்கும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) நாடாவும் வேண்டும். உலோகப் படலக் கவசம் உயர் அதிர்வெண்ணில் சிறப்பாக வேலை செய்தாலும் அசைவில் விரைவில் விரிசல் விடும். அறுத்த மாதிரியில் அடுக்குகளைக் கையால் நகர்த்திப் பாருங்கள். முறுக்கத்துக்கான கேபிளில் அவை ஒன்றின் மேல் ஒன்று நழுவ வேண்டும். உறை உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கேபிளை ஒதுக்கிவிடலாம்.

வெளியுறைக்குப் பெரும்பாலான ரோபோக்களில் பாலியூரித்தேன் சிறந்தது. உராய்வையும் எண்ணெயையும் நன்கு தாங்கும். பிவிசி குளிரில் விறைத்துவிடுவதால் அசையும் இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 7: கனெக்டரும் கவசத்தின் முடிவும்

நல்ல கேபிள் பெரும்பாலும் கெடுவது அதன் கடைசிச் சில சென்டிமீட்டர்களில்தான். கவச இழைகளைத் திரித்து ஒரு வாலாக்கி எர்த் முனையில் திருகினால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 10 நானோஹென்றி மின்தூண்டல் சேர்கிறது. 5 செ.மீ. வாலுக்கு 50 நானோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 3 ஓம் தடையாக நிற்கும். மீட்டரில் அளந்தால் பூச்சியமாகத் தெரியும் அந்த இணைப்பு, சத்தத்துக்கு மூடிய கதவு. எனவே கவசத்தைச் சுற்றளவு முழுவதும், 360 பாகையும், உலோக உடலோடு அழுத்திப் பிடிக்கும் கனெக்டரையே தேர்ந்தெடுங்கள். மோட்டார் கேபிளின் வெளிக்கவசத்தை இரு முனைகளிலும் இணைக்க வேண்டும்.

ஈதர்நெட் இணைகளின் முறுக்கைக் கனெக்டருக்குள் 13 மி.மீ.க்கு மேல் பிரிக்க வேண்டாம். ஹைபிரிட் கனெக்டர்களில் நான்கு தரவு முனைகளும் நான்கு மின்முனைகளும் கொண்ட எம்12 ஒய்-கோடிங் சிறு கருவிகளுக்கும், எம்23 அளவுக் கனெக்டர்கள் சர்வோ மோட்டார்களுக்கும் பொருந்தும். கேபிளின் வெளிவிட்டம் கனெக்டரின் பிடிக்கும் வரம்பினுள் இருக்கிறதா என்பதை ஆர்டர் தருவதற்கு முன்பே பாருங்கள்.

படி 8: பொருத்துதல்

கேபிளைச் சுருளிலிருந்து வளையம் வளையமாக இழுக்காமல், உருளையைச் சுழற்றி நேராக அவிழ்க்க வேண்டும். இல்லையேல் முறுக்கத்தோடேயே அது பொருத்தப்பட்டுவிடும். சங்கிலிக்குள் கேபிளின் விட்டத்தில் சுமார் பத்து சதவீத இடைவெளி வேண்டும். கிளாம்புகள் உறையை அகலமாகப் பிடிக்க வேண்டும்; குறுகிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கினால் உள்ளிருக்கும் தரவு இணை நசுங்கும். வளைவு தொடங்கும் இடத்திலேயே கிளாம்பு வைக்காமல், சற்று நேரான பகுதி விட்டு வையுங்கள்.

படி 9: சோதனையும் கண்காணிப்பும்

உற்பத்தியாளரிடம் சுழற்சி எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதாது. எந்த வளைவு ஆரத்தில், மீட்டருக்கு எத்தனை பாகை முறுக்கத்தில், எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் அது சோதிக்கப்பட்டது, எதைக் கண்டு பழுது என்று முடிவு செய்தார்கள் என்றும் கேளுங்கள். கம்பி முழுவதும் அறுந்தால்தான் பழுது என்று எண்ணியிருந்தால், அந்த எண் தரவுக் கேபிளுக்கு உதவாது. தரவு இணை அறுவதற்கு வெகுமுன்பே அதன் கவசமும் மின்மறுப்பும் கெட்டு, பிழைகள் வரத் தொடங்கிவிடும்.

உங்கள் சொந்தச் சோதனையில், ரோபோவின் உண்மையான கிளாம்பு இடைவெளிகளையே வைத்து, கேபிளை அசைத்துக்கொண்டே அளவிடுங்கள். அசைவை நிறுத்தியதும் உடைந்த இழைகள் மீண்டும் தொட்டுக்கொள்வதால், நின்ற நிலையில் பல பழுதுகள் மறைந்துவிடும். மின்சாரக் கம்பிகளின் மின்தடையையும், தரவு இணையின் பிழை எண்ணிக்கையையும், மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது தொடர்ந்து பதிவு செய்யுங்கள்.

ரோபோ வேலைக்குப் போன பிறகும் இதைத் தொடரலாம். நிர்வகிக்கக்கூடிய ஈதர்நெட் சுவிட்சுகளும் பல டிரைவ்களும் சிஆர்சி பிழைகளை (தரவு சிதைந்து வந்ததைக் காட்டுபவை) எண்ணி வைக்கின்றன; அந்த எண்ணை மூட்டின் கோணத்தோடு சேர்த்துப் பதிந்தால், பிழைகள் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் குவிவது தெரியவரும். அப்படிக் குவியத் தொடங்கிய கேபிளை அடுத்த திட்டமிட்ட நிறுத்தத்தில் மாற்றிவிட்டு, கழற்றியதைத் தூக்கி எறியாமல் அந்த மூட்டின் இடத்தில் அறுத்துப் பாருங்கள். முதலில் கெட்டது கவசமா, இழையா, மின்காப்பா என்பது தெரிந்தால், அடுத்த கேபிளுக்கான தாளில் எந்த எண்ணைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.